பூட்டுப் போட்ட தேன் ஒயின்

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம், புதன்கிழமை பகல் ஒன்றேகால் மணிக்கு எங்கள் வீட்டு பீரோவுக்கு அடியில் இருந்த பாட்டில் வெடித்தது.

நான் அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் எனக்குக் காலை ஷிப்ட். பதினொன்றரைக்கு நாகல் நகர் வீட்டுக்கு வந்துவிடுவேன். சத்தம் கேட்டதும் சிலிண்டர் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். கேஸை மூட ஓடினார். பிறகு உள்ளறையிலிருந்து வாசனை வந்தது. புளித்த தேன், கூடவே ரொட்டி மாவு.

பீரோவின் அடித்தகடு மேல்நோக்கி நெளிந்திருந்தது. கண்ணாடி, அறையின் மறுகோடியில் இருந்த தலையணை வரை போயிருந்தது. ஒரு துண்டு சுவர்ப் பூச்சுக்குள் குத்தி நின்றது. பாட்டிலின் கழுத்து மட்டும் முழுதாகக் கிடந்தது. அதில் ரப்பர் கார்க், கார்க்கின் மேல் பிரின்ஸ் அண்ணன் தன் பூட்டுப் பட்டறையில் அடித்த இரும்புப் பட்டை, பட்டையில் ஒரு சின்னப் பூட்டு. பூட்டு திறக்கவில்லை.

"நல்லவேள, யாரும் படுத்திருக்கல" என்று அம்மா மூன்று முறை சொன்னார்.

நான் மற்ற பன்னிரண்டு பாட்டில்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அவை நான் கட்டிக்கொள்ளப்போகும் ராபின் வீட்டில் இருந்தன.

அந்தத் தேன் ராபின் வீட்டிலிருந்துதான் வந்தது. சித்தையன்கோட்டைப் பக்கம் அவர்களுக்குத் தென்னந்தோப்பு. ராபின் அதில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார்; பூ தேடி ஊர் ஊராகப் பெட்டிகளை மாற்றுவதும் அவர்தான். ஐப்பசியில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஒரு கேன் தேன் கொண்டுவந்தார்கள். மழை நேரத்தில் எடுத்தது. மேலே நுரை கட்டியிருந்தது. "தண்ணி கூடிப்போச்சு, சீக்கிரம் செலவழிச்சிருங்க" என்றார் ராபின். அன்றைக்கு அவர் என்னிடம் நேராகச் சொன்னது அது ஒன்றுதான். நான் தலையாட்டினேன்.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடாத வீடு இல்லை. போடுவார்கள், வெளியே பேச மாட்டார்கள். நான் தேனில் போட்டேன். குடிதண்ணீர் கேனில் தேன், கொதித்து ஆறிய நீர், பேக்கரி ஈஸ்ட். மூடியில் துளையிட்டு ஒரு குழாயை எடுத்து, அதன் முனையைத் தண்ணீர் பாட்டிலில் மூழ்கவிட்டேன். குமிழிகள் வருவதை உட்கார்ந்து எண்ணுவேன். நிமிடத்துக்கு நாற்பது, முப்பது, பன்னிரண்டு.

சர்க்கரை எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்க அதற்கான மானி என்னிடம் இல்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டர்தான் இருந்தது. முதல் நாள் அது கழுத்து வரை வெளியே நின்றது. அதன் கோடுகளுக்குள் அடங்கவில்லை. எதிலிருந்து தொடங்கினேன் என்பது எனக்கே தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் பத்து காட்டியது. அடுத்த வாரமும் பத்து. பொங்கலுக்கு முன்பும் பத்து. குமிழி நின்றிருந்தது. நோட்டில் "முடிந்தது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

காந்திகிராமத்தில் மூன்று வருடம் வேதியியல் படித்தவள் நான். ஒரு வினை நின்றுபோவதும் முடிந்துபோவதும் வேறு வேறு. தேனில் ஈஸ்டுக்குச் சத்து போதாது. மார்கழிக் குளிரில் அது சோர்ந்து படுத்திருந்தது; வெயில் வந்ததும் பாட்டிலுக்குள் எழுந்து மறுபடி வாயு விட்டது. அவ்வளவுதான்.

பூட்டு, ராபினின் அம்மா ஆரோக்கியம்மாள் கேட்டது. தை மாத நிச்சயதார்த்தத்தில், சீர்த் தட்டுகளோடு பன்னிரண்டு பாட்டில் தேன் ஒயின் கொடுப்பதாகப் பேச்சு. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் கல்யாணம் வைக்க முடியாது. ஈஸ்டர் கழிந்து மே மாதம்தான். அதுவரை பாட்டில்கள் அவர்கள் வீட்டில் இருக்கும்.

"இருக்கும்ங்கிறீக. எங்கூட்டுக்காரரு இருக்க விடணும்ல?" என்று அவர் அன்றைக்கு எல்லோரும் சிரிக்கும்படி சொன்னார். "சாம்பல் புதன்ல கோயில்ல நின்னு தொட மாட்டேம்பாரு. குருத்து ஞாயிறுக்குள்ள கை நடுங்கிரும். பிரின்ஸ் தம்பிக்குப் பூட்டுப் பட்டறைதான? ஒரு பூட்டப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பிரின்ஸ் அண்ணன் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் பட்டறையில் உட்கார்ந்து பதிமூன்று பட்டைகளும் பதிமூன்று பூட்டுகளும் செய்தான். கழுத்தில் ஒரு வளையம், வளையத்திலிருந்து கார்க்கின் மேல் குறுக்கே ஒரு பட்டை, பக்கத்தில் பூட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. சாவி எங்கள் வீட்டில் இருக்கும், கல்யாணத்தன்று கொண்டுபோய்த் திறப்போம் என்று முடிவானது. பாட்டிலும் அவன் தேர்வுதான். பழைய பாட்டில் கடையில் பொறுக்கிய சதுர பாட்டில்கள். உருண்டைப் பாட்டில் தாங்குவதைச் சதுரப் பாட்டில் தாங்காது. அதுவும் எனக்குத் தெரியும். பார்க்க அழகாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாதாரணமாக மூடியிருந்தால் கார்க் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். கூரையில் ஒரு கறை விழுந்திருக்கும். எங்கள் பாட்டிலில் கார்க் போக வழியில்லை.

அம்மா கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டே சொன்னார். "அவுக வீட்டுக்குச் சொல்ல வேணாம். அண்ணன் போய் நைசா வாங்கிட்டு வந்துரட்டும். லேபிள் மாத்தணும்னு சொல்லிக்கிறலாம்."

"பைக்ல வச்சு ஆட்டிக் கொண்டுவந்தா வழியிலயே வெடிக்கும்மா."

"கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கு. ஒங்கையால செஞ்சது வெடிச்சுச்சுனு தெரிஞ்சா என்ன நெனப்பாக?"

அம்மா கேள்விகளுக்கு நான் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. கைபேசியை எடுத்து ராபினை அழைத்தேன். ஆயக்குடி கொய்யாத் தோப்புக்குப் பெட்டிகளை ஏற்றிப் போயிருந்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. இரண்டாவது முறையும் அதுதான். பிறகு ஆரோக்கியம்மாளின் எண்ணை அழுத்தினேன். அதுவரை நான் அவரை அழைத்ததே இல்லை.

"யாரு, அமலியா? என்னத்தா, அதிசயமா இருக்கு!"

"அத்தை, ஒயின் பாட்டில் எங்க வச்சிருக்கீங்க?"

"நடு ரூம்லதான். குளுந்த எடம், இருட்டு எடம்னு நீதான சீட்டுல எழுதியிருந்த? அந்த ரூமுதான் குளுச்சி. ஜெசிந்தா பிள்ளைக்கும் அங்கதான் சேலையில தொட்டி கட்டிருக்கு. தொட்டிக்கு இந்தப் பக்கம் வரிசையா அடுக்கிருக்கேன்."

ஜெசிந்தா ராபினின் அக்கா. பிரசவத்துக்கு வந்தவர் இன்னும் போகவில்லை. குழந்தைக்கு ஐந்து மாதம்.

"பாப்பா எங்க அத்தை?"

"தூங்குது."

"பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வந்துருங்க. எல்லாரும். கதவச் சாத்திருங்க. பாட்டிலைத் தொடாதீங்க. எங்க வீட்டுல ஒண்ணு வெடிச்சுருச்சு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு, "ஏ ஜெசிந்தா! ஏய்!" என்று அவர் கத்துவது கேட்டது. தொடர்பு அறுந்தது.

பிரின்ஸ் அண்ணன் பட்டறையிலிருந்து வந்து கழுத்துத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். பூட்டை ஆட்டினான். "பாத்தியா, இம்புட்டு வெடிச்சும் பூட்டு அசையல" என்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் அதைக் கீழே வைத்துவிட்டான்.

"எம்புட்டுப் பிரஷர் இருக்கும்?"

நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்திருந்தேன். "கார் டயர்ல இருக்கிறதைவிட மூணு நாலு மடங்கு."

"ஏய், வெளையாடாத."

"ஹெல்மெட் ரெண்டையும் எடுத்துக்க. சாவி அம்மாட்ட இருக்கு."

சின்னாளபட்டியில் ஐஸ் வாங்கினோம். சாக்கில் கட்டி என் மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் முப்பத்தொன்பது டிகிரி. சாக்கு ஒழுகி என் சுடிதார் முழங்கால் வரை நனைந்தது. ராபின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி. வழி முழுவதும், அங்கே வாசலில் கூட்டம் நிற்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

கூட்டம் இல்லை. ஜெசிந்தாவும் குழந்தையும் பக்கத்துத் தோப்பு கிதர் முகம்மது வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆரோக்கியம்மாள் வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ராபினின் அப்பா பொன்ராஜ் மரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"வாங்கப்பா. ரூமுக்குள்ள வண்டி ஓட்டப் போறீகளா, ஹெல்மெட்டெல்லாம் போட்டுக்கிட்டு?"

"ஆமா மாமா, பின்னாடி ஏறிக்கிறீகளா?" என்றான் அண்ணன்.

"நான் வாரல. எனக்குத்தான் அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு பூட்டுப் போட்டாச்சே."

அவர் சிரித்தார். எங்கள் வீட்டுப் பூட்டைப் பற்றி ஊரே பேசியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயிலில், டீக்கடையில், கிதர் முகம்மது வீட்டில். மருமகள் வரும் முன்பே மாமனாருக்குப் பூட்டு வந்துவிட்டது என்று.

சூடான கண்ணாடியில் நேராக ஐஸ் வைத்தால் விரிசல் விடும். முதலில் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த சாக்குகளை வாசலில் நின்று ஒரு நீளக் கழியால் தள்ளித் தள்ளிப் பாட்டில்களின் மேல் போட்டோம். அரை மணி நேரம் விட்டோம். பிறகு அதன் மேல் ஐஸ். குளிர்ந்தால் வாயு திரவத்துக்குள் கரையும், அழுத்தம் குறையும். புத்தகத்தில் அப்படித்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காத்திருந்தேன். உள்ளே தொட்டில் சேலை சும்மா தொங்கியது. ரோஜாப்பூப் போட்ட சின்னாளபட்டிச் சேலை. அதற்குக் கீழே, ஒரு முழம் தள்ளி, முதல் பாட்டில்.

நாலரைக்கு உள்ளே போனோம்.

முதல் பூட்டில் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. அண்ணன் மறுபடி முயன்றான். அவன் முகம் மாறியது.

"எம் பூட்டு சிக்கவே சிக்காதுடி."

"பூட்டுல தப்பில்ல. உள்ளேயிருந்து கார்க் தள்ளுது. பட்டை பூட்டை இழுத்துப் பிடிச்சிருக்கு."

"அப்ப?"

நான் மடித்த துண்டைக் கார்க்கின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினேன். துண்டுக்கு அடியில் ஒரு ஆள் கட்டைவிரலால் மேலே தள்ளுவது போல இருந்தது. முழு எடையையும் போட்டேன். "இப்பத் திருப்பு."

டிக் என்றது. பட்டையை விலக்கினான். நான் கையை மெதுவாக, மிக மெதுவாகத் தளர்த்தினேன். துண்டின் வழியே ஒரு சீறல் வந்தது. நுரை முழங்கை வரை ஏறியது. ஹெல்மெட் கண்ணாடி என் மூச்சிலேயே மங்கிப்போனது.

ஒன்று. இரண்டு. மூன்றாவது பாட்டிலின் மூலையில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. அதை அழுத்தும்போது நான் கண்களை மூடிக்கொண்டேன்.

பதினொன்று திறந்தோம். பன்னிரண்டாவதைத் தேடிச் சாக்கைத் தூக்கினேன். தரைதான் இருந்தது.

"முடிஞ்சுச்சா?" வாசலிலிருந்து ஆரோக்கியம்மாள் கேட்டார். "அப்பாடி, மாதா காப்பாத்துனா. நான் போய்ப் பிள்ளையக் கூட்டியாரேன். அழுதுக்கிட்டுக் கெடக்கும்." நான் வாய் திறப்பதற்குள் தோப்புக்குள் இறங்கிவிட்டார்.

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துவட்டினான். "பதினொண்ணுதான் குடுத்தமோ?"

"பன்னெண்டு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியாகக் கயிற்றுக் கட்டிலைப் பார்த்தான். "நான் கேக்கட்டுமா?"

அவன் கேட்டால் எப்படிக் கேட்பான் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே, ஊருக்கே கேட்கும்படி. அந்த மனிதர் தவக்காலத்தில் தொட மாட்டேன் என்று கோயிலில் நின்று சொன்னவர். ஆறு வாரமாக அதைக் காப்பாற்றுவதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் வாழப்போகும் வீட்டில் அவரைத் திருடன் என்று நிறுத்தும் பேச்சு என் பக்கத்திலிருந்து வரக் கூடாது.

"வேணாம். நீ நுரையைத் தொடச்சிரு. நான் பேசிக்கிறேன்."

அதைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அண்ணன் கேட்டிருந்தால் அண்ணன் போயிருப்பான், ஹெல்மெட்டோடு.

கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். பொன்ராஜ் மாமா தென்னை ஓலையைக் கிழித்துப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"மாமா."

"என்னத்தா."

"பன்னெண்டு பாட்டில் குடுத்தோம்."

"சரி."

"பதினொண்ணுதான் இருக்கு."

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

நான் நின்றேன். அவர் ஓலையைத் தூர எறிந்தார். "என்ன, பாலுக்குப் போடற மீட்டர எனக்கும் போட்டுப் பாக்கப் போறியா? தண்ணி எம்புட்டுக் கலந்திருக்குன்னு?"

"இல்ல மாமா. அது எங்க இருக்குன்னு தெரியணும். வெக்கையான எடத்துல இருந்தா நிக்காது. பக்கத்துல யாராச்சும் இருந்தா..." குரலைத் தாழ்த்தினேன். "யாருட்டயும் சொல்ல மாட்டேன். அத்தைட்டயும் சொல்ல மாட்டேன். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்களில் கோபம் இல்லை. பிடிபட்ட மனிதனின் களைப்புதான் இருந்தது.

"குடிக்கல" என்றார் மெதுவாக. "பூட்டி இருக்கே, எப்படிக் குடிப்பேன்? ஈஸ்டருக்கு மறுநாளு ஆக்ஸா பிளேடு வச்சு அறுக்கலாம்னு எடுத்து வச்சேன். எம் பேர்ல பூட்டுப் போட்டுக் குடுத்தாகளே, அத அறுக்கணும்னு இருந்துச்சு. அம்புட்டுதான்."

"எங்க மாமா?"

"மோட்டார் ரூம்ல."

மோட்டார் ரூமுக்குத் தகரக் கூரை. "மாமா, நீங்க போகாதீங்க. அண்ணனைக் கூப்பிடறேன்" என்றேன்.

"அவனைக் கூப்பிட்டா யாருட்டயும் சொல்லாத மாதிரியா?" எழுந்து செருப்பை மாட்டினார். "எடுத்து வாய்க்கால்ல போட்டுட்டு வாரேன். நீ வீட்டுக்குள்ள போ. அவ வந்துருவா."

"தொடாதீங்க மாமா."

"செத்த நேரம் சும்மா இரு, புள்ள."

அவர் வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன். மாமா, மாமா என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை; மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதடி தூரத்தில் அவர் குனிந்து கதவுக்குள் போனார். வெளியே வந்தார். தோள் துண்டில் சுற்றி, பாட்டிலைக் குழந்தையைப் பிடிப்பது போல இடது கையில் பிடித்திருந்தார். சிரிப்பது போல வாயைத் திறந்தார். "இந்தா பாரு, ஒண்ணும்..."

"கீழ வைங்க!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை.

அவர் வைக்கத்தான் குனிந்தார்.

சத்தம் வீட்டில் கேட்டதைவிடச் சின்னதாக இருந்தது. திறந்த வெளி என்பதால் இருக்கும். துண்டு கிழிந்து பறந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் காயம் ஒன்றுமில்லை. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, அது யாருடைய கை என்பது போலப் பார்த்தார். என் துப்பட்டாவைச் சுற்றினேன். மூன்று சுற்றுக்குப் பிறகும் சிவப்பு வந்தது.

"அருவா" என்றார். "என்ன?" என்றேன். "தேங்கா வெட்டுனேன். அருவா வழுக்கிருச்சு. அப்படித்தான் சொல்லணும். நீ சொல்லிருக்க, யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு."

நான் தலையாட்டினேன்.

அண்ணன் ஓடி வந்தான். அவனிடமும் அரிவாள் என்றார். அண்ணன் தரையில் கிடந்த கண்ணாடியையும் என்னையும் பார்த்தான். கிதர் முகம்மது தன் ஆம்னி வேனை எடுத்தார். ஆரோக்கியம்மாள் குழந்தையை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். "நல்ல நாளும் அதுவுமா ஒன்னய யாரு தேங்கா வெட்டச் சொன்னது? வீடே ரெண்டுபட்டுக் கெடக்குது, இவருக்குத் தேங்கா!" மாமா கண்களை மூடியிருந்தார். திட்டு அவருக்கு ஆறுதலாக இருந்தது போல.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் பார்த்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும்.

"எதனால வெட்டுச்சு?"

"அருவா" என்றார் மாமா.

"அருவாள்தாம்மா. தேங்கா வெட்டுறேன்னு" என்றார் ஆரோக்கியம்மாள்.

டாக்டர் துப்பட்டாவைப் பிரித்தார். உள்ளங்கையின் வெளி ஓரத்திலிருந்து மணிக்கட்டு வரை ஒரு வெட்டு. அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் பல. "விரலை மடக்குங்க" என்றார். மூன்று விரல் மடங்கின. மோதிர விரலும் சுண்டு விரலும் நேராகவே நின்றன. டாக்டர் காயத்தைக் கழுவச் சொன்னார். "அருவா வெட்டு மாதிரி இல்லையே" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் தையல் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

கண்ணாடி உள்ளே இருந்தால் தைத்தபின் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கையை அசைக்கும்போதெல்லாம் அது உள்ளே அறுக்கும். அறுபடாமல் மிச்சமிருக்கும் நரம்பையும் அறுக்கும்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் மூன்று வெள்ளை ஓடுகளுக்கு ஒரு பச்சை ஓடு. டாக்டர் திரும்பி வந்து கையுறை மாட்டினார்.

"கண்ணாடி" என்றேன்.

"என்னது?"

"உள்ள கண்ணாடி இருக்கலாம் டாக்டர். பாட்டில் வெடிச்சுருச்சு. அருவா இல்ல."

"என்ன பாட்டில்?"

"தேன் ஒயின். நான் செஞ்சது. முழுசா நொதிக்கறதுக்கு முன்னாடியே மூடிட்டேன்."

டாக்டர் தட்டைத் தள்ளி வைத்தார். "முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். நர்ஸிடம், "எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்றார். ஆரோக்கியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார்.

"பதினொண்ணுதான் தொறந்தாகளா?"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படத்தில் இரண்டு துண்டுகள் தெரிந்தன. ஒன்று அரிசி அளவு. இன்னொன்று நீளமாக, இரண்டு விரல்களுக்கும் போகும் இடத்தில் குறுக்கே கிடந்தது. தசைநார் அறுந்திருக்கும், மதுரையில் கை அறுவைச் சிகிச்சை செய்பவர்கள் பார்க்க வேண்டும், இப்போதே கிளம்புங்கள் என்றார் டாக்டர்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது ஆரோக்கியம்மாள் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பதினொண்ணு தொறந்ததும், அத்தை."

"என்ட்டக் கேட்டிருக்கலாம்ல. நான் அவரு சட்டையப் பிடிச்சு நிறுத்திருப்பேன். மோட்டார் ரூமுக்குப் போக விட்டிருக்க மாட்டேன்."

நான் விரலில் காய்ந்திருந்த ரத்தத்தைச் சுரண்டினேன்.

"அவரு மானம் போயிரும்னு பாத்தியாக்கும்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அந்தக் கைதான் மரம் ஏறுற கை. அந்தக் கைதான் பெட்டியிலேருந்து தேனடையத் தூக்குற கை. மானத்த வச்சு என்ன செய்ய?"

"மன்னிச்சிருங்க அத்தை."

"கல்யாணத்தப் பத்தி இப்ப ஒண்ணும் பேச வேணாம்" என்றார். நான் கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை. "ராபின் வரட்டும்."

ராபினிடமிருந்து இதற்குள் நான்கு அழைப்புகள் வந்திருந்தன. அண்ணன்தான் பேசினான். என்ன சொன்னான் என்று தெரியாது. நான் வாங்கிப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். முதலிலிருந்து சொல்ல வேண்டும். பத்து, பத்து, பத்து என்று நான் எழுதிய நோட்டிலிருந்து. அதை ஃபோனில் சொல்லத் தெரியவில்லை. மதுரைக்கு நேராக வருவதாகச் சொன்னாராம்.

ஆம்புலன்ஸில் மாமாவோடு இரண்டு பேர்தான் ஏறலாம் என்றார்கள். ஆரோக்கியம்மாள் ஏறினார். அண்ணன் காலெடுத்து வைத்தான். "நீ வேணாம்" என்றார் மாமா. ஆஸ்பத்திரிக்கு வந்தபின் அவர் பேசிய இரண்டாவது பேச்சு அது. "அது வரட்டும்" என்று என்னைக் காட்டினார். "செஞ்சதுக்குத்தான் தெரியும், உள்ள என்ன இருக்குன்னு."

திட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஏறினேன்.

கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியே பிடித்திருக்க வேண்டும், தொங்கவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆரோக்கியம்மாள் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். நான் மாமாவின் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கிப் பிடித்தேன். கனமான கை. கட்டுக்கு வெளியே இரண்டு விரல்களும் நேராக நின்றன. கொடைரோடு டோல்கேட்டில் வண்டி வேகம் குறைந்தது.

"விரல் மடங்குமா?" என்று கேட்டார்.

மடங்கும் என்று சொல்லலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அம்மா சொல்லியிருப்பார், அண்ணன் சொல்லியிருப்பான்.

"தெரியல மாமா" என்றேன்.

"படிச்ச பிள்ளதான."

"ஆமா. தெரியல."

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு கையின் பாரத்தை என் மேல் விட்டார். அதுவரை அவரே பாதி தாங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாடிப்பட்டி தாண்டும்போது என் தோள் நடுங்க ஆரம்பித்தது. கையை மாற்றவில்லை.